வட்டம் போட்ட புள்ளிகள்

அவர் சட்டைப் பையில் பேனா இருந்து நான் பார்த்ததில்லை. பிளேடால் சீவின பென்சில் ஒன்று, தேய்ந்துபோன ரப்பர் ஒன்று, சின்ன அட்டைத் துண்டில் சுற்றின கறுப்புத் தையல் நூல். இந்த மூன்றும் இல்லாமல் அவர் எங்கள் லேப் படி ஏறினதே கிடையாது.

தூத்துக்குடியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது எங்கள் ரத்தப் பரிசோதனை லேப். ஊசி குத்துகிறவள் நான், மிஷின் பார்க்கிறவள் நான், மத்தியானத்துக்கு மேல் ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கிறவளும் நான். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, அதைப் படிக்காமல் என் முகத்தைப் பார்க்கிற ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் முகத்தில் என்ன எழுதியா ஒட்டியிருக்கிறது? அவர் ஒரு நாளும் என் முகத்தைப் பார்த்தவர் இல்லை. நேரே தாளைப் பார்ப்பார், நம்பரைப் பார்ப்பார், பென்சிலை எடுப்பார். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவரும் லேப்காரர்தான். உப்பளத்து லேப். "நீயும் லேப்பு, நானும் லேப்பு. நீ ரத்தம் பாக்குதே, நான் தண்ணி பாக்கேன்" என்று முதல் நாளே உறவு கொண்டாடிவிட்டார். கடல் தண்ணீரைப் பாத்தியில் விடும்போது அதன் உப்புச் செறிவு மூன்று டிகிரி இருக்கும். வெயிலில் காயக் காய ஏறும். இருபத்தைந்து டிகிரிக்கு வந்தால் உப்பு விளையும். தினமும் காலையில் ஒரு குவளைத் தண்ணீரில் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு, அது காட்டுகிற டிகிரியைக் கிராப் தாளில் புள்ளியாக வைப்பது அவர் வேலை. நாலைந்து புள்ளி சேர்ந்ததும் நூலை எடுப்பார். இரண்டு கையிலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழுத்துப் பிடித்து, பாதிப் புள்ளி மேலேயும் பாதிப் புள்ளி கீழேயும் வருகிற மாதிரி நகர்த்துவார். அப்புறம்தான் கோடு.

"ஸ்கேல் வச்சுப் போடலாம்லா?" என்று கேட்டேன்.

"ஸ்கேலு அடியில உள்ள புள்ளிய மறைச்சிரும். நூலு எதையும் மறைக்காது பாத்துக்க."

கோட்டிடம் அவர் கேட்பது இரண்டே கேள்வி. எங்கன தொடங்குச்சு? எப்படிச் சாயுது? "இந்த ரெண்டும் தெரிஞ்சாச்சுன்னா போதும். மிச்சத்த வெயிலு பாத்துக்கும்" என்பார். வெட்டுத்துண்டு, சாய்வு என்று பத்தாம் வகுப்பில் நான் உருப்போட்டு மார்க் வாங்கின சமாசாரம்தான். எங்கள் மிஷினையும் தினம் காலையில் ஒரு கோடு வைத்துத்தான் சரிபார்க்கிறோம். ஆனால் அதை மிஷினே போட்டு மிஷினே பார்த்துக்கொள்ளும். ஒரு மனுசன் கோட்டோடு குடும்பம் நடத்தி நான் பார்த்தது அப்போதுதான்.

உண்மையாகவே குடும்பம்தான். வீட்டில் கேஸ் சிலிண்டரை வாரத்துக்கு ஒரு தடவை கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்து அதற்கும் கோடு போடுவாராம். அவர் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். அந்தக் கறுப்பு நூலே அவள் நூல்கண்டிலிருந்து எடுத்ததுதான்.

"ஏளா, கேளு. என் தங்கச்சி குடும்பத்தோட வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போனா. இவுக அவ மாப்பிளைட்ட அந்தத் தாளக் காட்டி, 'நீங்க வந்தபொறவு கோடு எப்படிச் சரிஞ்சிருக்கு பாத்தீங்களா'ன்னு கேக்காவ. எனக்கு எங்க போய் முகத்த வைக்க?"

"உள்ளதத்தான சொன்னேன்" என்றார் அவர், கொஞ்சமும் அசராமல். "அந்தக் கோட்டுல ஒரு விசேஷம் உண்டு. பூஜ்யத்துக்குப் போவவே போவாது. காலி சிலிண்டரே பதினஞ்சு கிலோ சொச்சம். அங்கன வந்து நின்னுரும். எங்க நிக்கும்னு தெரியாம கோடு போட்டா ஏமாந்துபோவோம்."

சிலிண்டர் தீருகிற நாளை அவர் சொன்னால் ஒரு நாள் முன்னே பின்னே இருக்குமாம், அவ்வளவுதான். அக்காவுக்கு அதில் பெருமையும் உண்டு.

அக்காவுக்குத்தான் கிட்னியில் கோளாறு. மாதம் ஒருமுறை ரத்தம் கொடுக்க வருவார்கள். ரிப்போர்ட்டில் கிரியேட்டினினுக்குக் கீழே ஒரு நம்பர் வரும். கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கான கணக்கு. நூறை ஒட்டி இருந்தால் நல்லது. அக்காவுக்கு முதல் தடவையே நாற்பத்திரண்டு. பதினைந்தை நெருங்கினால் டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாக்டர் சொல்லி முடிக்கும் முன்பே இவர் கிராப் தாளில் பதினைந்துக்கு நேரே ஒரு கோடு இழுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தேழு, முப்பத்தாறு. ஐந்து புள்ளி சேர்ந்ததும் என் மேஜையிலேயே நூலைப் பிடித்தார். "நாப்பத்திரண்டுல தொடங்குது. மாசத்துக்கு ஒண்ணரை ஒண்ணரையா இறங்குது. பதினெட்டாம் மாசம் பதினஞ்சுல முட்டும்." சிலிண்டரைப் பற்றிச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு எப்போதும் வாய் ஒரு அடி முன்னால் போகும். "நாப்பத்திரண்டு தொடக்கம் இல்ல அண்ணாச்சி. அது நீங்க இங்க வந்த நாள். தொடக்கம் அதுக்கும் முன்னால எங்கயோ இருக்கு" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த வாரம் தனியாக வந்தார். கிராப் தாளின் இடது பக்கத்தில் இன்னும் இரண்டு தாளைச் சோற்றுப் பசை போட்டு ஒட்டியிருந்தார். கோட்டைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போய் நூறில் முட்டவிட்டிருந்தார். அங்கே ஒரு பெருக்கல் குறி.

"இங்க வந்த நாளுக்கு மூணு வருசம் மூணு மாசம் முன்ன. அது எந்த மாசம் தெரியுமா? தையல் மிஷின மிதிச்சு மிதிச்சு முட்டு வலிக்குன்னு அவ மொதமொத சொன்ன மாசம். நான்தான் மெடிக்கல்ல போய் வலி மாத்திரை வாங்கிக் குடுத்தேன். டாக்டர்ட்ட எதுக்குப் போவணும், இது போட்டா கேக்கும்னு சொன்னேன். பத்துப் பத்தா வாங்கிக் குடுத்தேன்."

வலி மாத்திரையை அப்படிப் போட்டுக்கொண்டே இருந்தால் கிட்னியைக் கெடுக்கும் என்பது எனக்கும் தெரியும். சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். புள்ளி இருக்கிற இடத்துக்குத்தான் கோடு சொல்லும். இந்தப் பக்கம் ஒட்டின தாளில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. கிட்னி பத்து வருஷம் அப்படியே இருந்துவிட்டுத் திடீரென்றும் இறங்கும். அக்காவுக்குப் பிரஷரும் ரொம்ப வருஷமாக இருக்கிறது, அதனாலும் வரும். எதனால் என்று டாக்டரே அடித்துச் சொல்லவில்லை. எல்லாம் கேட்டார்.

"பிரஷருக்கு மாத்திர டாக்டர் குடுத்தது. இது நான் குடுத்தது" என்றார்.

அந்தக் கோட்டுக்கு வழிகாட்டினவளே நான். கையில் இருந்த பஞ்சை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டு, அப்புறம் அதையே தேடிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஆள் இளைக்க ஆரம்பித்தார். அக்காவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிடுகிற பொம்பளைக்குத் தெரியாமல் என்ன இருக்கும்? பதினோராம் மாதம் ரத்தம் கொடுக்க வந்த அன்றைக்கு, ஸ்கூட்டரை நிழலில் நிறுத்த அவர் போன நேரம் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, ஒனக்குப் புண்ணியமாப் போவும். ஒரே ஒரு மாசம், நம்பரக் கொஞ்சம் கூட்டிப் போடு. அஞ்சு கூட்டு, போதும். மனுசன் ஒரு வாய் ஒழுங்காச் சாப்பிட மாட்டேங்காவ. தாளையே பாத்துக்கிட்டு இருக்காவ. எனக்கு முன்னால அவுக போயிருவாவ போலிருக்கு."

"அது முடியாதுக்கா. அந்த நம்பரப் பாத்துதான் டாக்டர் மாத்திர எழுதுதாரு. நான் மாத்திப் போட்டா ஒங்களுக்கே ஆபத்து."

"நூலு என்னோடது, மிஷினு ஒன்னோடது. நடுவுல கெடந்து சாவுறது அந்த மனுசன்" என்று சொல்லிவிட்டு, அவர் வருகிற சத்தம் கேட்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த மாதம் இருபத்தாறு வந்தது. நூலில் அப்படியே உட்கார்ந்தது.

அடுத்த மாதம் கோட்டின்படி இருபத்து நாலு வர வேண்டும். இருபத்தொன்பது வந்தது.

நான் நம்பவில்லை. மிச்சம் இருந்த ரத்தத்தை மறுபடி ஓட்டினேன். மறுபடி ஓட்டினேன். மூன்று தடவையும் இருபத்தொன்பது. சில பேருக்கு அப்படி நிற்பது உண்டு, சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருந்தால், பிரஷர் அடங்கினால். ஏன் என்று தெரியாவிட்டாலும் நல்லது நல்லதுதானே. அன்றைக்கு ரிப்போர்ட் அடிக்கும்போது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

நம்பரைப் பார்த்தாளோ இல்லையோ, அக்கா மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து என் கையை இரண்டு கையாலும் அழுத்தினாள். கண்ணைச் சிமிட்டினாள். நான் கேட்டதைச் செய்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள்! "அக்கா, இது நெசம். நான் ஒண்ணும் செய்யல" என்று காதோரம் சொன்னேன். "எனக்குத் தெரியும்ளா, எனக்குத் தெரியும்" என்று இன்னும் அழுத்தினாள்.

நூலைப் பிடித்தபடி அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அக்கா கையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். புள்ளி நூலுக்கு மேலே தனியாக நின்றது.

"நல்லாருக்கே" என்றார் அவளிடம். "ரொம்ப நல்லாருக்கு. வா, போவோம்."

படி இறங்கிப்போய் அவளை ஸ்கூட்டர் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். கண்ணாடி அவர் மூக்கிலேயே இருந்தது. தாளை விரித்து அந்தப் புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார்.

"பாத்தியில மழை விழுந்தா என்ன ஆவும் தெரியுமா? மழைத்தண்ணி மேல மெதக்கும். மேல் தண்ணியக் கோரிப் பாத்தா டிகிரி நல்லா எறங்கின மாதிரி காட்டும். விவரம் இல்லாதவன் பயந்துருவான். அடியில பழைய தண்ணி அப்படியேதான் கெடக்கும். அந்த மாதிரிப் புள்ளிக்கு நாங்க வட்டம் போட்டுருவோம். கணக்குல சேக்க மாட்டோம்."

"அண்ணாச்சி, ரத்தத்துல மேல் தண்ணி கீழ் தண்ணி கிடையாது. சத்தியமா நான்..."

"சத்தமாச் சொல்லாத. ஒன் வேலை போயிரும்" என்றார். அவர் என்மேல் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அவ ஆசப்பட்டுக் கேட்டிருக்கா, நீ செஞ்சிருக்கே. நான் கவலைய விட்டுத் தேறிட்டேன்னு நெனச்சு அவ சந்தோசமா இருக்கா. இருக்கட்டும்."

வேறு லேப்பில் போய்ப் பாருங்கள் என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கெஞ்சினேன். அங்கே போனால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அக்காவுக்குப் பயம். "குத்திக் குத்திக் கை புண்ணாக் கெடக்கு, நான் எங்கயும் வரல" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அவளுக்கு இன்னொரு தடவை ஊசி குத்தி அவள் பொய்யைக் கண்டுபிடிக்க வேண்டுமா என்று அவர் கேட்டார். டாக்டர் நல்ல முன்னேற்றம் என்று சொன்னதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. "அவரு நீ அடிச்ச தாளப் பாத்துதான சொல்லுதாரு." முகம் வீங்கவில்லையே, கால் வீங்கவில்லையே என்று கேட்டால், மேல் தண்ணி தெளிவாகத்தான் இருக்கும் என்பார்.

இருபத்தொன்பது, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. மாதா மாதம் நான் உண்மையை அடித்துக் கொடுத்தேன். அக்கா அதைப் பொய் என்று நினைத்து, நன்றிக்கு மக்ரூன் இனிப்புப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தாள். அவரும் அதைப் பொய் என்று நினைத்து வட்டம் போட்டார். அவள் முன்னால் அவர் நன்றாகச் சாப்பிட்டார், அவர் சாப்பிடுகிறாரே என்று அவள் சிரித்தாள். இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை. கத்திச் சொல்லலாமா என்றுகூட இருக்கும். கத்தினால் மட்டும் யார் நம்பப்போகிறார்கள்?

பதினெட்டாம் மாதம் வந்தது. அக்காவுக்கு இருபத்தெட்டு. ஏழாவது வட்டம். அதற்கு மறுநாள் காலையில் அவர் மட்டும் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

"எனக்கு எடு. என் கோட்டுப்படி இந்த மாசம் பதினஞ்சு. அவளுக்கு என் கிட்னி ஒண்ணு குடுக்கலாமான்னு பாக்கணும். ரத்த குரூப்பு பாரு, கிட்னி நம்பரும் பாரு. நான் குடுத்த மாத்திரைக்கு நான்தான் குடுக்கணும்."

ரத்தம் எடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே குரூப். நம்பர் முப்பத்துநாலு.

மூன்று தடவை ஓட்டினேன், அக்காவுக்கு ஓட்டின மாதிரியே. மூன்று தடவையும் முப்பத்துநாலு. எத்தனை வருஷம் அந்த வெயிலில் நின்ற உடம்பு! உப்பளத்துக்கு எடுத்துப்போகிற ஒரு பாட்டில் தண்ணீர் மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்துவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனால்தானா என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் அவர் வந்தபோது முதல் தடவையாகத் தாளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

தாளைக் கொடுத்தேன். படித்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இத அவகிட்டக் காட்ட முடியாது தாயி. கூட்டிப் போடு. அவளுக்குப் போட்டேல்லா, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "நான் அக்காவுக்கும் போடல, ஒங்களுக்கும் போட மாட்டேன்! அவங்க கேட்டாங்க. முடியாதுன்னேன். இப்ப நீங்க கேக்கீங்க. ஒங்களுக்கும் முடியாது. இந்த மேஜையில இருந்து ஒரு பொய் நம்பர் வெளிய போனது கெடையாது."

அவர் கையில் இருந்த முப்பத்துநாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் போட மாட்டேங்கிறவ அவளுக்கும் போட்டிருக்க மாட்டா" என்றார் மெதுவாக.

மேஜையில் கிராப் தாளை விரித்தார். ரப்பரை எடுத்தார். வட்டங்களை ஒவ்வொன்றாக அழித்தார், உள்ளே இருக்கிற புள்ளி அழிந்துவிடாமல், ஊதி ஊதி. ஏழையும் அழித்த பிறகு அந்த ஏழு புள்ளிமேலும் நூலைப் பிடித்தார். நூல் ஏறக்குறைய மட்டமாகக் கிடந்தது.

"சாயல தாயி. நிக்கு. அவ நிக்கா" என்றார். கண்ணீர் தாளில் விழாமல் தலையைத் திருப்பிக்கொண்டார்.

அப்புறம் பென்சிலை எடுத்து முப்பத்துநாலுக்கு நேரே தனக்கு ஒரு புள்ளி வைத்தார். அதன்மேல் நூலைப் பிடித்தார். மேலே திருப்பினார், கீழே திருப்பினார். "ஒத்தப் புள்ளிக்கு நூலு எங்கன வேணாலும் திரும்புது" என்று சொல்லிவிட்டு அட்டையில் சுற்றிக்கொண்டார். இடது பக்கம் ஒட்டின தாள்களை மட்டும் அவர் கிழிக்கவில்லை. அதைக் கிழிங்க அண்ணாச்சி என்று சொல்ல நினைத்தேன். ஏற்கனவே ஒரு தடவை வாயைக் கொடுத்தது போதும் என்று இருந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து அக்கா வந்தாள். கையில் மக்ரூன் பெட்டி. டாக்டர் இரண்டு பேரையும் திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டாராம். இனிமேல் எல்லா டெஸ்ட்டும் அங்கேதானாம். சும்மா பார்த்துவிட்டு வரத்தான் என்று அவர் சொன்னாராம்.

"ஏளா, அவுக இப்ப நல்லாச் சாப்பிடுதாவ. எல்லாம் ஒன்னாலதான்" என்றாள். பிறகு குரலை இறக்கினாள். "அவுகளும் டெஸ்ட் குடுத்தாவளாமே. தொண்ணூறு இருக்காம், கல்லு மாதிரி இருக்கேன்னு சொல்லுதாவ. நெசமாளா?"

"அவர்கிட்டயே கேளுங்கக்கா" என்றேன்.

அவள் மறுபடி கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் மிஷின் பக்கம் திரும்பிக்கொள்ளப் பார்த்தேன், திரும்புவதற்குள் படித்துவிட்டாள். மக்ரூன் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் லேப்புக்கு வரவில்லை. அவருடைய இரண்டாவது புள்ளி எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது.